கொக்கு ஏன் எருமைக்குப் பயப்படுவதில்லை?

கல்முனைக்கு மேற்கே, கிட்டங்கிப் பக்கம் போகிற வழியில் கரைவாகு வட்டை இருக்கிறதே, அங்கே ஒரு காலையில் வரம்பில் நின்று பாருங்கள். எருமை மேயும். அதன் குளம்படியிலேயே உண்ணிக்கொக்குகள் நடக்கும். எருமை கால் எடுத்து வைக்க, புல்லுக்குள்ளிருந்து தத்துவெட்டி துள்ளும், கொக்கு கொத்திக்கொள்ளும். உழவு மெசின் புகை கக்கிக்கொண்டு வந்தாலும் அதன் பின்னால் ஒரு கூட்டம். இப்போது நீங்கள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பூனை மாதிரி நடந்து போங்கள். கொக்கு கழுத்தை நீட்டும். இன்னும் இரண்டு எட்டு வைத்தால் பறந்துவிடும்.

எருமையின் நிறை எங்கே, உங்கள் நிறை எங்கே? ஆனால் கொக்கு நிறையைப் பார்ப்பதில்லை. தன்னைப் பிடிக்க வருவது யார் என்றுதான் பார்க்கிறது. வேட்டையாடும் பிராணிகள் பலவற்றுக்குக் கண் இரண்டும் முகத்தின் முன்பக்கம் இருக்கும். பூனைக்கு அப்படி, ஆந்தைக்கு அப்படி, நமக்கும் அப்படித்தான். 2008-இல் பிரிட்டனில் ஸ்டார்லிங் பறவைகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இது நம் மைனாவின் குடும்பம். தீனித் தட்டை ஓர் ஆள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் பறவை கிட்ட வரத் தயங்கியது. அதே ஆள் பார்வையைத் திருப்பிக்கொண்டதும் சீக்கிரம் வந்து தின்றது. எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதுகூட அதற்குத் தெரிகிறது!

அப்படியானால் பறவையைப் படம் பிடிப்பது எப்படி? இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேர்ட்டன், செரி கேர்ட்டன் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். 1892-இல் முட்டைகளோடு ஒரு பறவைக் கூட்டைப் புகைப்படம் எடுத்தவர்கள். 1900-ஆம் ஆண்டு அவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. மாட்டுத் தோலை மரச் சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டி, உள்ளே ஆள் புகுந்து நிற்கிற ஒரு பொய் மாடு செய்தார்கள். தோலில் போட்ட ஓட்டை வழியே கேமரா எட்டிப் பார்த்தது. ஒருமுறை உள்ளே குனிந்து நின்றவர் மயங்கிவிட, மாடு நாலு காலும் வானத்தைப் பார்க்கக் கவிழ்ந்து கிடந்ததாம். நம் கொக்குகளிடம் கேட்டிருந்தால், "மாடாக வந்தால் சரி" என்று முன்பே சொல்லியிருக்கும்.

இன்று படம் பிடிப்பவர்கள் மாட்டுக்குப் பதில் ஒரு மறைப்பு கட்டுகிறார்கள். துணிக் கூடாரமாக இருக்கலாம், நாலு கம்பு நட்டு அடைத்த கிடுகாகவும் இருக்கலாம். மறைப்பு பறவையின் கண்ணுக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள், நன்றாகவே தெரியும். 'இதனால் நமக்கு ஒன்றும் இல்லை' என்று அது முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நாள் பிடிக்கும். முதலில் தூரத்தில் வைத்து, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டக் கொண்டு வருவார்கள். கேமராவின் லென்ஸ் பெரிய கண் மாதிரிப் பளபளக்கும் அல்லவா? அதனால் லென்ஸ் வரப்போகிற ஓட்டையில் ஒரு வெறும் போத்தலைச் செருகி, அடிப்பக்கம் வெளியே தெரிகிற மாதிரிச் சில நாள் விட்டுவைப்பதும் உண்டு. பறவை போத்தலுக்குப் பழகிவிடும். பிறகு லென்ஸ் வந்தாலும் அதை இன்னொரு போத்தல் என்றே நினைத்துக்கொள்ளும்.

இன்னொரு தந்திரம். இரண்டு பேராக மறைப்புக்குள் போவார்கள், ஒருவர் மட்டும் வெளியே வந்து தூரமாய் நடந்து போய்விடுவார். எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணாத பறவை, 'போய்விட்டார்கள்' என்று திரும்பி வரும். காகத்திடம் இது எந்த அளவுக்கு எடுபடுமோ! ஜெர்மனியில் டூபிங்கன் பல்கலைக்கழகத்தார் 2015-இல் காகத்தின் மூளையில், புள்ளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத் துடிக்கிற நரம்பணுக்களைக் கண்டார்கள். மூன்றுக்குத் துடிப்பவை வேறு, நாலுக்குத் துடிப்பவை வேறு.

போன லீவில் என் ராத்தாவின் மகனைக் கூட்டிக்கொண்டு பொத்துவில் களப்புக்குப் போனேன். சுபஹு தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். அங்கே மீன்பிடிக்கிற காக்கா ஒருவர் தோணியில் ஏற்றிக்கொண்டார். கண்டல் மரங்களை ஒட்டி மெதுவாகப் போனோம். தண்ணீருக்குள் நட்டிருந்த தடியொன்றில் மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவிட்டிருந்தன. மருமகன் போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். இன்னும் நல்லாய் விழட்டும் என்று எழும்பி நின்றான். அவ்வளவுதான், தடியில் மீன்கொத்தி இல்லை.

"மகன், இருங்க. குந்திக்கிட்டு இருந்தா அதுக்கு இது தோணி. எழும்பினா ஆளாப் போயிரும்," என்றார் காக்கா. மறைப்பைப் பற்றிய பாடம் அந்த இரண்டு வரியிலேயே முடிந்துவிட்டது. குமண தேசியப் பூங்காவுக்குப் போனால் ஜீப்தான் நம் மறைப்பு. உள்ளே நினைத்த இடத்தில் இறங்க விடமாட்டார்கள்.

வீடியோவிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. நொடிக்கு 25 படம் ஓடினால் நம் கண்ணுக்கு அது ஒரே அசைவாகத் தெரியும். மினுக்கல் நொடிக்கு ஏறக்குறைய 60-ஐத் தாண்டினால் நம்மால் பிரித்தறிய முடியாது. சுவீடனில் 2016-இல் பூச்சி பிடிக்கும் சின்னப் பறவைகளைச் சோதித்தபோது, ஓர் இனம் 140-க்கும் மேல் பிரித்தறிந்தது. நாம் எடுத்த வீடியோவை அதற்குப் போட்டுக் காட்டினால், வெட்டி வெட்டி ஓடுகிற படமாகத்தான் தெரியும். நீங்கள் கை ஓங்குவதற்குள் அது கிளம்பிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கூடுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குமண வில்லில் மே, ஜூன் மாதங்களில் கொக்கும் நாரையும் கூடு கட்டும். அப்போது வெயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மஞ்சள் மூக்கு நாரை குஞ்சுகளுக்கு மேல் சிறகை விரித்துக் குடை பிடித்து நிற்கும். நாம் கிட்டப் போய் அதை எழுப்பிவிட்டால், குஞ்சு வெயிலில் வாடும். காகம் வந்து முட்டையைத் தூக்கும். நமக்கு நல்ல படம் கிடைத்திருக்கலாம், ஆனால் அந்தக் கூடு போய்விட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு சோதனை செய்யுங்கள். வாப்பாவோடு ஆட்டோவில் போய், வட்டை ஓரம் நிறுத்தி, இறங்காமல் ஒரு கொக்கைப் பாருங்கள். மெல்ல மெல்லக் கிட்ட ஓட்டச் சொல்லுங்கள். எவ்வளவு தூரத்தில் அது பறக்கிறது? பறந்த பிறகு அந்தத் தூரத்தைக் காலடியால் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வேறொரு கொக்கிடம் நடந்து போய் எண்ணுங்கள். இரண்டு எண்ணையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். கூடு இருக்கிற மரத்தடியில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.