பொய் ஈக்கு மயங்கும் மீன்கள்!

கோடை வந்துவிட்டால் பெங்களூரில் சில நண்பர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சினிமா தேவையில்லை. நாலு பேர் சேர்ந்தால் போதும். விடியுமுன் முதல் பஸ். கையில் தூண்டில், பையில் புளிச்சோறு. நகரம் தாண்டி ஓர் ஏரிக்கரையில் இறங்கிவிடுவார்கள்.

இவர்கள் மீன் பிடிக்கும் முறை கொஞ்சம் வேறு. மண்புழுவும் இல்லை, மாவு உருண்டையும் இல்லை. கோழி இறகையும் முடியையும் முள்ளில் வைத்து நூலால் இறுக்கிக் கட்டுகிறார்கள். தண்ணீரில் விழுந்தால் ஈ போலவே இருக்கும். இந்தப் பொய் ஈதான் இரை!

சாதாரணத் தூண்டிலில் இரையின் கனம் நரம்பை இழுத்துச் செல்லும். இதில் ஈக்குக் கனமே கிடையாது. கயிறுதான் கனம். அதைச் சாட்டை போல் பின்னும் முன்னும் வீசினால், ஈ பறந்துபோய் நினைத்த இடத்தில் உட்காரும். கழி வாங்க வசதி இல்லையா? மூங்கில் கழியின் நுனியில், அதன் நீளத்துக்கு நரம்பு கட்டி ஈயை மிதக்கவிட்டாலும் சின்னக் கெண்டை கடிக்கும்.

வகை வகையாய் மீன்

வெயில் ஏறினால் மீன் ஆழத்துக்குப் போய்விடும். காலையும் மாலையும்தான் வேட்டை. முதலில் கடிப்பது பெரும்பாலும் ஜிலேபிக் கெண்டை. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று இது இல்லாத ஏரி அபூர்வம்.

விரால் தந்திரக்கார மீன். மூச்சு வாங்க மேலே வரும், தவளையை விடாது. அதற்குத் தவளை போலக் கட்டிய ஈ வேண்டும். ஆனால் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மிதந்தால், கீழே தாய் தந்தை காவல் இருக்கின்றன என்று பொருள். அங்கே தூண்டில் போடக்கூடாது. பெரியதைப் பிடித்தால் குஞ்சுகளுக்குக் காவல் ஏது? கட்லாவோ பொய் ஈயை லேசில் திரும்பிப் பார்க்காது!

காவிரியின் ராஜா

தூண்டில்காரர்களின் கனவு மஹசீர். உள்ளங்கை அகலச் செதில் கொண்ட இந்த மீனைப் பற்றி, சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ். தாமஸ் 1873-லேயே புத்தகம் எழுதினார். 1946-ல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினி ஆற்றில் பிடித்த மஹசீரின் எடை 120 பவுண்டு. அதாவது 54 கிலோ. ஓர் ஆளின் எடை!

பீமேஸ்வரி பகுதியில் ராகி உருண்டையை முள்ளில் கோத்து இதைப் பிடிக்க வெளிநாட்டவர்கூட வந்தார்கள். பிடித்ததை எடை பார்த்து ஆற்றிலேயே விட்டார்கள். திருட்டுத்தனமாக மீன் பிடித்த உள்ளூர்க்காரர்கள் சிலர் அவர்களுக்கு வழிகாட்டிகளாகி, மீனுக்கே காவலானார்கள். இன்று காவிரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் தூண்டில் போடச் சட்டம் இடம் தராது.

அந்த ராஜாவுக்கே இப்போது ஆபத்து. காவிரியின் திமில் மஹசீர் அழியும் விளிம்பில் இருப்பதாக 2018-ல் உலகச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. வெடி வைத்து மீன் பிடித்தல், அணைகள், மணல் அள்ளுதல் எல்லாம் அதை நெருக்கின. நல்லெண்ணத்தில் ஆற்றில் விடப்பட்ட வேறு வகை மஹசீரும் பெருகி அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தமிழ்நாட்டின் மோயாற்றில் திமில் மஹசீர் இன்னும் மிஞ்சியிருக்கிறது.

கவனிக்க வேண்டியவை

ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்படுகிறது. குத்தகைதாரரின் அனுமதி இல்லாமல் தூண்டிலை எடுக்காதீர்கள். அனுமதி உள்ள ஆற்றுப் பகுதியிலும் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும் காவிரி, அடியில் ஆளை இழுக்கும். அணை திறந்தால் நீர் திடீரென ஏறும். முதலையும் உண்டு.

மீனைத் திரும்ப விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். காய்ந்த கை பட்டால் அதன் வழவழப்பு போய் நோய் பற்றும். கோடையில் தண்ணீரில் பிராணவாயு குறைவு. நெடுநேரம் இழுத்து விளையாடினால் மீன் பிழைக்காது. சீக்கிரம் கரை சேர்த்து, முள்ளை எடுத்து, விட்டுவிட வேண்டும்.

வீட்டுக் குழம்புக்கு ஜிலேபிக் கெண்டை நாலு போதும். ஏரியில் அதற்குப் பஞ்சமே இல்லை!