துரைமார் ஆடிய றக்பி

தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். காசுக் கதை, கொஞ்சம் நீளும். 2025 ஏப்ரலில் வேல்ஸின் கார்டிஃப் றக்பி அணி கடன் தாங்காமல் விழுந்தது. வேல்ஸ் றக்பி சங்கமே அதை வாங்கிக்கொண்டது. ஒக்டோபரில், இருக்கிற நான்கு தொழில்முறை அணிகளை மூன்றாக்கப் போவதாகவும் சொல்லிவிட்டது. அங்கே பெரிய வரவு தேசிய அணியின் ஆட்டங்களால் வருகிறது. அது சங்கத்தின் கைக்குப் போய், அங்கிருந்துதான் அணிகளுக்குப் பிரிகிறது. அணிகள் மெலிந்தால் இளசுகள் தேறுவதில்லை. இளசுகள் தேறாவிட்டால் தேசிய அணி தோற்கிறது, வரவும் சுருங்குகிறது.

நமக்கென்ன என்கிறீர்களா? ஹட்டன் பக்கம் டரவளையில் ஒரு மைதானம், நானுஓயாவுக்குக் கிட்ட ராதெல்லையில் ஒன்று. முதலாவது டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கிளப்புடையது, மற்றது திம்புள்ள கிளப்புடையது. பெயரில் கிரிக்கெட் இருந்தாலும் இரண்டும் கிளிஃபர்ட் கிண்ணத்துக்கு றக்பி ஆடியவை. அந்த அணிகளுக்குக் காசு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தோட்டக் கணக்கைத்தான் புரட்டியிருக்க வேண்டும்.

ஆட்டக்காரருக்குக் கிளப் சம்பளம் கொடுக்கத் தேவையே இருக்கவில்லை, அவர் சின்னத்துரை. சம்பளமும் பங்களாவும் தோட்டத்தினுடையவை. ஆட்டத்துக்குக் கிளம்பப் பெரியதுரையிடம் கேட்க வேண்டும், அவரும் ஒரு காலத்தில் அதே அணியில் முட்டி மோதியவராக இருப்பார். கண்டியிலும் கொழும்பிலும் பெரிய கல்லூரிகளுக்கு நன்றாக ஆடிய பையனுக்குத் தோட்டத்தில் வேலை கிடைப்பது சுலபம் என்பது ஊரறிந்த சங்கதி. கிளப் அவனை வளர்க்கவில்லை, கல்லூரி வளர்த்தது. கம்பனி சோறு போட்டது. தொழில்முறை என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு வெள்ளைக்காரத் துரைமாரும் கம்பனிகளும் போயின. தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. பழைய ஏற்பாடு குலைந்தது. தொண்ணூறுகளில் கண்டி அணி, அனுசரணையாளர் காசோடும் கல்லூரி ஆட்டக்காரரோடும், மேலே வந்து நின்றது. நம் மலைக் கிளப்புகள் பின்னுக்குப் போயின.

இதில் எனக்கு உறுத்துவது வேறு. வேல்ஸில் றொண்டா பள்ளத்தாக்கின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியே பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இங்கே துரை ஓடினார், தொழிலாளி வேலியோரம் நின்று பார்த்தார். ஆட்டம் மலையில் நடந்தது, மலையக மக்களிடம் வரவில்லை.

ஏனென்றால் இலங்கை றக்பியின் நாற்றுமேடை பாடசாலைதான். கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியில் 1891இல் லூயிஸ் எட்மண்ட் பிளேஸ் பாடசாலை றக்பியைத் தொடக்கிவைத்தார். 1906இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதின. றோயலும் திரித்துவமும் ஆடும் பிராட்பி கேடயம் 1945இல் வந்தது. பயிற்றுநர், சப்பாத்து, ஜேர்சி, சாப்பாடு என்று எல்லாச் செலவையும் தாங்குவது பெரும்பாலும் பெற்றோரும் பழைய மாணவரும்தான். தோட்டப் பாடசாலையின் பழைய மாணவர் யார்? கொழுந்து பறிக்கிறார், அல்லது கொழும்பில் கடையில் நிற்கிறார். 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபா என்றானது; ஆட்டச் சப்பாத்து ஒரு சோடி வாங்கப் பல நாள் பேர் விழ வேண்டும்.

இடமும் இல்லை. தோட்டத்தில் சமதளம் என்றால் பிரட்டுக்களம், ஸ்டோர் முற்றம், கோயிலடி. கரப்பந்து வலையை இரண்டு கம்பில் கட்டிவிடலாம். கிரிக்கெட்டுக்கு ஒரு பக்கம் சரிவாக இருந்தாலும் பரவாயில்லை, பந்து தேயிலைக்குள் போனால் இரண்டு ஓட்டம் என்று பையன்களே சட்டம் வைத்துக்கொள்வார்கள். சரளைக்கல்லில் ஒருவனை இடுப்பைப் பிடித்து விழுத்த முடியுமா? முழங்கால் தோல் மிஞ்சாது.

வேல்ஸில் மூன்று அணியா நான்கு அணியா என்று சண்டை. அது கிடைத்த காசைப் பங்கு போடுகிற சண்டை. இங்கே ஆளே வாசலுக்கு வரவில்லை. டரவளையிலும் ராதெல்லையிலும் புல் இருக்கிறது, தரை மட்டமாக இருக்கிறது. வாரத்தில் இரண்டு பின்னேரம் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளுக்கு ஒதுக்கும்படி கிளப்புகளிடம் கேட்கலாம். பயிற்றுநரின் படியைக் கம்பனி கொடுப்பதா, றக்பி சங்கம் கொடுப்பதா என்று அதற்குப் பிறகு சண்டை பிடிக்கலாம்.