தொப்பியில் செருகிய விலைச் சீட்டு

'ஆலிஸின் அற்புத உலகம்' புத்தகத்தில் தேநீர் விருந்துப் படம் ஒன்று உண்டு. அதில் கிறுக்குத் தொப்பிக்காரரின் உயரமான தொப்பியை உற்றுப் பார்த்தால், ஒரு சீட்டு செருகியிருப்பது தெரியும். பத்து ஷில்லிங் ஆறு பென்ஸ் என்று விலை போட்டிருக்கும். விருந்து நடக்கும் அத்தியாயத்தில் அந்தச் சீட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. நாலு அத்தியாயம் தள்ளி, நீதிமன்றத்தில் ராஜா தொப்பியைக் கழற்றச் சொல்கிறார். அப்போதுதான், அது தன்னுடையதல்ல, விற்க வைத்திருப்பது என்கிறார் தொப்பிக்காரர். லூயிஸ் கரோல் பின்னால் எழுதியதை ஓவியர் ஜான் டெனியல் முன்னாலேயே தொப்பியில் செருகிவிட்டார்!

1865இல் வந்த அந்தப் புத்தகத்துக்கு அவர் வரைந்தவை 42 படங்கள். 'பஞ்ச்' பத்திரிகையில் கேலிச்சித்திரம் போட்டுப் பழகிய கை. வாள்வீச்சுப் பயிற்சியில் இளம் வயதிலேயே ஒரு கண்ணின் பார்வை போய்விட்டது. இத்தனை நுணுக்கமும் மற்றொரு கண்ணால் பார்த்து வரைந்ததுதான்.

இன்னொரு படம், அழுதுகொண்டே இருக்கும் 'போலி ஆமை'. அந்நாளில் கடலாமை சூப் பணக்காரர் வீட்டு விருந்து. வசதி குறைந்தவர்கள் கன்றுக்குட்டித் தலையை வேகவைத்து அதே ருசிக்கு ஒரு சூப் வைப்பார்கள். அதன் பெயர் 'போலி ஆமை சூப்'. அப்படியானால் போலி ஆமை என்றொரு பிராணி இருக்க வேண்டுமே என்பது கரோலின் குறும்பு. அது எப்படி இருக்கும் என்று அவர் விவரிக்கவில்லை. டெனியலோ சமையலறைக்கே போய்விட்டார்: ஆமை ஓடு, கன்றுக்குட்டித் தலை, பின்னங்கால்களில் குளம்பு, வால்.

டோடோ பறவை ஆலிஸுக்கு விரலுறை பரிசளிக்கும் படத்தில், அதன் சிறகுக்கு அடியிலிருந்து மனிதக் கை நீள்கிறது. இத்தனைக்கும் இறகு, அலகு எல்லாம் விலங்கியல் பாடப் புத்தகத்தில் வருவதுபோல அவ்வளவு ஒழுங்கு. அந்த ஒழுங்குதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது.

முதலில் அச்சான 2,000 பிரதிகளில் படங்கள் சரியாக விழவில்லை என்று டெனியல் குறை சொன்னார். கரோல் அந்தப் பதிப்பையே திரும்பப் பெற்றுக்கொண்டார். படத்துக்கு அவ்வளவு மதிப்பு.

நம் வார இதழ்களிலும் மாலியும் கோபுலுவும் போட்ட படங்கள் இப்படி நின்று பார்க்க வேண்டியவை. வீட்டுப் பரணில் பைண்டு செய்த பழைய தொடர்கதைகள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தூசி தட்டி, படங்களின் மூலை முடுக்குகளை ஒருமுறை பாருங்கள்.