இஞ்சி டீயும் ரத்தக்கட்டும்

இஞ்சியும் பூண்டும் மஞ்சளும் ரத்தத்தை இளக்குமாமே, சுகர் இருப்பவர்கள் அதற்கான மாத்திரையை விட்டுவிட்டு இதையே சாப்பிட்டால் என்ன? டீக்கடை பெஞ்சில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. நியாயமான கேள்விதான். டீ ஆறுவதற்குள் பேசிவிடலாம்.

காயம் பட்டால் ரத்தத்தை நிறுத்த முதலில் ஓடி வருபவை தட்டணுக்கள். சர்க்கரை நெடுநாள் ஏறியே கிடந்தால், பஞ்சுமிட்டாய் தின்ற பிள்ளையின் விரல்கள் மாதிரி, தேவையில்லாத இடத்திலும் இவை ஒட்டிக்கொள்ளத் தயாராகிவிடும். உறைகட்டியைப் பின்னும் ஃபைப்ரின் இழைகளும் நெருக்கமாக விழும். உறைந்ததைக் கரைக்க உடம்பே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது; அதைத் தடுக்கும் பிஏஐ-1 என்ற புரதமும் கூடிவிடும். ஆக, சீக்கிரம் உறையும், மெதுவாகக் கரையும். சுகர்காரர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் வர இதுவும் ஒரு காரணம்.

இதில் செடிகளுக்கு வேலை உண்டா என்றால், நிச்சயமாக உண்டு. 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும், பூஞ்சை பிடித்த ஸ்வீட் குளோவர் தீவனத்தைத் தின்ற மாடுகள் கொம்பு அறுத்த காயத்திலேயே ரத்தம் நிற்காமல் செத்து விழுந்தன. அந்தத் தீவனத்தில் இருந்த டைகூமரால் என்ற பொருளை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க்கின் ஆய்வகம் பிரித்தெடுத்தது. அந்த வழியில் வந்ததுதான் வார்ஃபரின். 1948இல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்து, பிறகு மனிதருக்கும் மருந்தானது. ஆஸ்பிரினின் கதையும் வில்லோ மரப்பட்டையில் தொடங்குவதுதான்.

பூண்டின் அஜோயீனும் இஞ்சியின் ஜிஞ்சராலும் மஞ்சளின் குர்குமினும் ஆய்வுக்கூடக் குழாய்க்குள் தட்டணுக்கள் ஒட்டுவதைக் குறைக்கின்றன. ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான். அதையும் குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. சாம்பாரிலும் டீயிலும் சேருகிற அளவை மாத்திரைக்கு ஈடாக நம்பவே கூடாது. சுவைக்காகத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

எனக்குக் கவலை தருவது டப்பாவில் வரும் கேப்சூல்கள். செடியின் சாரம் அதில் பல மடங்கு செறிவாக இருக்கும். உடம்பில் நன்றாக ஏறட்டும் என்று மிளகின் பைப்பரினையும் சேர்க்கிறார்கள். ஏற்கெனவே ரத்தத்தை இளக்கும் ஆஸ்பிரினோ குளோபிடோக்ரலோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்து விழுங்கினால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். ஆஸ்பிரினே எல்லா சுகர்காரருக்கும் பொருந்துவதில்லை. 15,480 சர்க்கரை நோயாளிகளிடம் நடத்தி 2018இல் வெளியான அசெண்ட் ஆய்வில், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 9.6 சதவீதத்திலிருந்து 8.5 ஆகக் குறைந்தன. பெரிய ரத்தக்கசிவோ 3.2இலிருந்து 4.1 ஆக ஏறியது. அளவு பார்த்துக் கொடுக்கும் மருந்துக்கே இந்த நிலை.

அதனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கேப்சூலை நீங்களாகத் தொடங்காதீர்கள். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதிலுள்ள வைட்டமின் கே மருந்துக்கு எதிராக வேலை செய்யும். பல் பிடுங்கப் போனாலும் ஆபரேஷனுக்குப் போனாலும், வீட்டில் சாப்பிடும் மூலிகை டப்பாவைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.