பள்ளி நேரத்தில் குழந்தைக்கு மருந்து: பெற்றோர் அறிய வேண்டியவை

ஆஸ்துமா, முதல் வகை நீரிழிவு, வலிப்பு நோய் போன்ற பாதிப்புகள் உள்ள குழந்தைகள், முறையான சிகிச்சையுடன் மற்றவர்களைப் போலவே பள்ளியில் கற்கவும் விளையாடவும் முடியும். எனினும், பள்ளி நேரத்தில் மருந்து தவறினாலோ, இருமுறை கொடுக்கப்பட்டாலோ, அவசரத்தில் கைக்கு எட்டாமல் போனாலோ ஆபத்து நேரலாம். இதனைத் தவிர்க்கும் வழிமுறைகள் கீழே தரப்பட்டுள்ளன.

பள்ளியில் கொடுப்பது அவசியமா?

முதலில் மருத்துவரிடம் இதனைக் கேளுங்கள். ஒரு வேளை அல்லது இரு வேளை மருந்துகளைப் பெரும்பாலும் வீட்டிலேயே கொடுத்துவிடலாம். மூன்று வேளை மருந்தாயினும், காலை, பள்ளி முடிந்து வந்தவுடன், உறங்கும் முன் என நேரத்தை மாற்ற இயலுமா என்று கேட்கலாம். மருத்துவரின் ஆலோசனையின்றி நேரத்தையோ அளவையோ மாற்ற வேண்டாம்.

பள்ளியிடம் ஒப்படைக்கும்போது

• மருந்துச் சீட்டின் நகலையும், உங்கள் கையொப்பமிட்ட ஒப்புதல் கடிதத்தையும் தலைமையாசிரியரிடம் அளியுங்கள். மருந்தின் பெயர், அளவு, நேரம், உணவுக்கு முன்பா பின்பா, ஒவ்வாமை, உங்கள் தொலைபேசி எண் ஆகியவை கடிதத்தில் இருக்கட்டும்.
• மருந்தை அதன் அசல் உறையிலேயே, நீங்களே நேரில் கொடுங்கள். மாத்திரைகளைத் தாளில் மடித்துக் குழந்தையின் பையில் வைத்து அனுப்ப வேண்டாம். மருந்துக் கடையில் அட்டையை வெட்டித் தரும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பகுதி விடுபடலாம்; பள்ளிக்கென முழு அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.
• மருந்து கொடுக்கும் பொறுப்பை ஓர் ஆசிரியர் ஏற்கட்டும். அவர் விடுப்பில் இருந்தால் யார் கொடுப்பார் என்பதையும் முடிவு செய்யுங்கள்.
• கொடுத்த நேரத்தை உடனுக்குடன் ஒரு குறிப்பேட்டில் பதியச் சொல்லுங்கள்.

எதைப் பூட்டி வைக்கலாம்? எதைக் கூடாது?

அன்றாட மாத்திரைகளைப் பிற குழந்தைகளுக்கு எட்டாதவாறு பூட்டி வைப்பதே பாதுகாப்பு. ஆனால் உயிர்காக்கும் மருந்துகளைப் பூட்டக் கூடாது. மூச்சுத்திணறும் வேளையில் அலமாரிச் சாவியைத் தேடிக் கொண்டிருக்க முடியாது. இன்ஹேலரைத் தானே பயன்படுத்தத் தெரிந்த குழந்தை அதனை உடன் வைத்திருக்கலாம். சிறு குழந்தைகளுக்கு வகுப்பறையிலேயே ஆசிரியர் வசம் இருக்கட்டும். விளையாட்டுத் திடலுக்கும் சுற்றுலாவுக்கும் அது குழந்தையுடன் செல்ல வேண்டும். குளுக்கோஸுக்கும் இது பொருந்தும்.

பயன்பாட்டில் உள்ள இன்சுலினை வெயில் படாமல், 30 டிகிரி செல்சியஸுக்கு மிகாத இடத்தில் வைக்க வேண்டும். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.

ஆசிரியர் அறிந்திருக்க வேண்டிய அவசர நிலைகள்

ஆஸ்துமா: குழந்தையை நிமிர்ந்து உட்கார வைத்து, மருத்துவர் கூறியபடி நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் வழியாகக் கொடுக்க வேண்டும். மூச்சுத்திணறல் குறையாவிட்டாலோ, பேச இயலாவிட்டாலோ, உதடு நீலம் பூத்தாலோ உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

தாழ்சர்க்கரை: நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, குழப்பம் ஆகியவை அறிகுறிகள். சர்க்கரை அளவு 70 மி.கி.க்குக் கீழ் இருந்தால், மருத்துவர் குறித்துத் தந்த அளவு குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். குழந்தையைத் தனியே அனுப்பக் கூடாது. மயங்கிய குழந்தைக்கு வாய்வழியாக எதையும் புகட்டாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

வலிப்பு: ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைக் குறிக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கவோ, கையில் இரும்பைக் கொடுக்கவோ கூடாது. 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் 108-ஐ அழைக்க வேண்டும்.

ஒரு வேளை தவறினால்

அடுத்த வேளையில் இரட்டிப்பு அளவு கொடுக்க வேண்டாம். பள்ளிக் குறிப்பேட்டைச் சரிபார்த்து, மருத்துவரிடம் கேளுங்கள்.

பள்ளியில் வழங்கப்படும் மாத்திரைகள்

வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையும் குடற்புழு நீக்க மாத்திரையும் பள்ளிகளில் வழங்கப்படுகின்றன. தலசீமியா போன்ற இரத்த நோய் இருந்தாலோ, தொடர் மருந்து உட்கொண்டாலோ, அன்று காய்ச்சல் இருந்தாலோ ஆசிரியரிடம் முன்னரே தெரிவியுங்கள்.

நினைவில் கொள்க

சக மாணவர்கள் கேலி செய்வார்கள் என அஞ்சிக் குழந்தைகள் மருந்தை மறைப்பதும் தவிர்ப்பதும் உண்டு. நோயைப் பள்ளியிடம் மறைக்காதீர்கள். மருந்து உட்கொள்வதில் வெட்கப்பட ஏதுமில்லை எனக் குழந்தைக்கு உணர்த்துங்கள். மருந்தைப் பிறருடன் பகிரக் கூடாது என்றும் சொல்லிக் கொடுங்கள். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் காலாவதித் தேதியைச் சரிபாருங்கள். தமிழ்நாட்டில் மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.