மயங்கவைத்தல்

பொது விவகாரங்களில் நம்மவர்க்குள் மூளும் சச்சரவுகள் பலவற்றிற்கு வாக்கியப் பிசகே மூலகாரணம் என்பது நமது அபிப்பிராயம்.

ஓர் உதாரணம் கொள்வோம். விருதுநகர் ஜில்லாவில், அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாயில் நிற்கும் ஒரு சாண் தண்ணீருக்கும் அங்கே கணக்கு உண்டு. அச்சீமையிலுள்ள பாளையம்பட்டி போன்றதோர் ஊரில், 'கரை மராமத்துக்கு ஆள் அனுப்பிய மேலத்தெருவாரும் கீழத்தெருவாரும் மடை திறந்துகொள்ளலாம்' என்று ஒரு தீர்மானம் எழுதப்பட்டதாக வைத்துக்கொள்வோம். ஆள் அனுப்ப வேண்டியவர் மேலத்தெருவார் மட்டுமா, இரு தெருவாருமா? கீழத்தெருவார் ஆள் அனுப்பாமலே மடையில் வந்து நிற்பர், மேலத்தெருவார் மறிப்பர். இரு சாராரும் ஒரே காகிதத்தைச் சாட்சியாகக் காட்டி, ஒருவரையொருவர் பொய்யர் என்பர். அங்கே பொய்யர் எவருமிலர். வாக்கியம் இரண்டுபட்டது, அவ்வளவே. வழக்குத் தீருமுன் பயிர் வாடிப்போகும்.

நமது இலக்கண ஆசிரியர்கள் இதனை அறியாதவரல்லர். நன்னூலார் நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்தினுள் 'மயங்கவைத்தல்' என்பதையும் ஒன்றாக வைத்தார். 'புலி கொன்ற யானை' என்றால் மாண்டது எது? புலியைக் கொன்ற யானை எனவும், புலியால் கொல்லப்பட்ட யானை எனவும் அது பொருள்படும். இத்தகையதைத் தொல்காப்பியம் 'தடுமாறு தொழிற்பெயர்' என்று குறிக்கிறது. நேரிற் பேசுவோனுக்குக் குரலும் முகக்குறிப்பும் துணை நிற்கின்றன; ஐயுற்றவன் அப்பொழுதே வினவலாம். எழுத்துக்கு அத்துணைகள் இல்லை.

இஃது உயிரையும் வாங்கும். அயர்லாந்தின் விடுதலைக்காக ஜெர்மனியில் ஆதரவு திரட்டிய ரோஜர் கேஸ்மெண்டின் மீது 1916இல் லண்டனில் ராஜத்துரோக வழக்கு நடந்தது. அதற்கு ஆதாரம் 1351ஆம் வருஷத்துச் சட்டம். அதிலுள்ள 'அல்லது வேறிடத்தில்' என்ற சொற்கள், பகைவருக்கு உதவி சேருமிடத்தை மட்டும் குறிக்கின்றனவா, பகைவரோடு சேர்ந்த குற்றத்தையும் தழுவுகின்றனவா என்பதே வாதம். முன்னதாயின், அயல்நாட்டில் செய்த காரியத்திற்கு அச்சட்டம் எட்டாது. நீதிபதிகள் இருவர் பழைய ஏட்டுச்சுருளையே சென்று பார்வையிட்டனர். முடிவு அவருக்குப் பாதகமாயிற்று. ஆகஸ்டு 3ஆம் தேதி தூக்கிலிடப்பட்டார்.

ஆதலின் தீர்மானமும் அறிக்கையும் எழுதும் அன்பர்களுக்கு நாம் சொல்வது இது. அடைமொழி எதனைப் பற்றுகிறதென்ற ஐயம் எழுமாயின், வாக்கியத்தை இரண்டாக உடைத்துவிடுங்கள். 'இரு தெருவாரும் ஆள் அனுப்பவேண்டும். அனுப்பியவரே மடை திறக்கலாம்' என்று எழுத ஒரு வரி போதும். படிப்போர்க்கும் ஒரு கடமை உண்டு. எதிரியின் எழுத்தில் தீய பொருளொன்று தென்பட்டால், அதற்கு நல்ல பொருளும் உண்டோ என்று முதலில் நோக்குக. பிறகு, 'நீர் கருதியது யாது?' என்று அவரையே வினவுக. சினங்கொள்வதற்கு அதன்பின்னும் காலம் இருக்கிறது.