தோற்கடிக்கும் கேம்: கடினம் எது, அநியாயம் எது?

திருப்பூரில் ஒன்றரை ஷிஃப்ட் முடித்து அறைக்குத் திரும்பும் பனியன் கம்பெனித் தொழிலாளிக்கு, சாப்பிட்டுப் படுப்பதற்கு முன் மிஞ்சுவது சிறிது நேரம்தான். அதையும் ஒரே எதிரியிடம் திரும்பத் திரும்பத் தோற்றுக் கழிக்க வைக்கும் வீடியோ கேமில் என்ன இன்பம் இருக்க முடியும்? 2022 பிப்ரவரியில் வெளியான ‘எல்டன் ரிங்’ கடினத்துக்குப் பேர்போனது. ஆனாலும் மூன்றே வாரங்களில் 1.2 கோடிப் பிரதிகள் விற்றது.

தோல்வி ஏன் பிடிக்கிறது?

‘எல்டன் ரிங்’கை உருவாக்கிய ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஹிதேடாகா மியாசாகி இயக்கிய ‘டார்க் சோல்ஸ்’ (2011) இந்த வகையைப் பிரபலமாக்கியது. அதில் எதிரி வாளை ஓங்கும் விதத்திலேயே அடுத்த அடி எப்படி விழும் என்று தெரிந்துவிடும். இறந்தால், சேர்த்த ‘ஆன்மாக்கள்’ எனும் கேம் பணம் இறந்த இடத்திலேயே கிடக்கும். மறுபடி சாகாமல் போய்ச் சேர்ந்தால் மீட்கலாம். ஓவர்லாக் தையல் இயந்திரத்தில் பழகுபவர் தையல் கோணியதும் துணியைப் பிடித்த விதத்தைத் திருத்திக்கொள்வது போல, ஒவ்வொரு தோல்வியும் எங்கே பிசகினோம் என்று காட்டுகிறது. கடைசியில் கிடைக்கும் வெற்றி முழுக்க நம்முடையது.

எது அநியாயம்?

பலம் சமமாக இல்லாதது அநியாயம் ஆகாது. ஆடுபுலி ஆட்டத்தில் புலி 3, ஆடு 15. ஆனால் கட்டம் முழுவதும் இருவர் கண்ணுக்கும் தெரியும், விதியும் மாறாது. முன்னறிவிப்பே இல்லாத பொறி, தோற்றதும் நெடுந்தூரம் திரும்ப நடக்க வைப்பது, காசு கட்டினால்தான் கடக்க முடிகிற கட்டம் ஆகியவையே அநியாயம். தொட்டதற்குத் தாமதமாக அசையும் போனில் நல்ல கேமும் அநியாயமாகிவிடும்.

ஆன்லைனில் காசு வைத்து ஆடும் ஆட்டங்களின் கதையே வேறு. அங்கே விட்டதைப் பிடிக்கும் வெறியில் கூலி கரைகிறது. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை அவற்றுக்குத் தடை விதித்த தமிழக அரசின் விதிகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் உறுதிசெய்தது. ஆகஸ்டில் மத்திய அரசு அவற்றை அடியோடு தடைசெய்து சட்டம் கொண்டுவந்தது.

எளிதாக்கினால் சுவை குறையுமா?

‘செக்கிரோ’ (2019) என்ற கடினமான கேம் வந்தபோதே, அதை எளிதாக்கலாமா என்ற சண்டை பலமாக நடந்தது. ‘செலஸ்ட்’ (2018) என்ற கேம் இதற்கு அழகான வழியை அதற்கு முன்பே காட்டியிருந்தது. ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கலாம், அடிபடாமலும் ஆடலாம். வேண்டாதவர் அந்த வசதியைத் தொடவே தேவையில்லை. 2025 செப்டம்பரில் வந்த ‘சில்க்சாங்’ கேமின் தொடக்கக் கட்டத்து எதிரிகள் சிலரை, தயாரித்தவர்களே சில நாட்களில் சற்றுத் தணித்தார்கள். கேம் கெட்டுவிடவில்லை. நேரம் குறைந்தவரும் கை வேகம் குறைந்தவரும் ரசிக்க வழிவிடுவது கலைக்கு இழுக்கல்ல.

வாங்கும் முன்

ஸ்டீம் தளத்தில் வாங்கிய கேமை, 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், 14 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். அதற்குள் உங்கள் தோல்விக்குக் காரணம் உங்களுக்கே புரிகிறதா என்று பாருங்கள். புரிந்தால் தொடருங்கள், புரியாவிட்டால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.